பாணுக்கு ஏன் ஓட்டை இல்லை?

கடந்த மார்கழி விடுமுறையில் தங்கையின் மகள் கோப்பாயிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு கிழமை தங்கியிருந்தாள். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளை என்பதால், எதைக் கேட்டாலும் அதற்குச் சரியான விடை ஒன்றுதான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு கேட்பவள். ஒருநாள் பின்னேரத் தேத்தண்ணியில் கிறீம் கிறாக்கரை நனைத்துத் தின்றுகொண்டிருந்தவள், ஒரு பிஸ்கற்றை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "பெரியம்மா, இதிலை ஏன் இவ்வளவு ஓட்டை?" என்று கேட்டாள். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒருத்திக்கு இதைவிட இலகுவான கேள்வி அகப்படாது. பதினான்கு வருடங்களாக வகுப்பறையில் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய விடை ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. "புட்டுக் குழலின்ரை சில்லிலை ஓட்டை இருக்கெல்லோ? அது ஆவி உள்ளுக்கு வரவேணும் எண்டு. பிஸ்கற்றிலை இருக்கிற ஓட்டை, ஆவி வெளியிலை போகவேணும் எண்டு" என்றேன். நீராவி பற்றிய பாடத்தில் இந்த இரண்டு வரிகளையும் சொல்லி முடிக்கும்போது வகுப்பு எப்போதும் தலையாட்டும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. புட்டையும் பிஸ்கற்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்ட பெருமை.

அவள் தலையாட்டவில்லை. கையிலிருந்த பிஸ்கற்றின் நனைந்த பாதி இற்றுக் கோப்பைக்குள் விழுந்ததைக்கூடக் கவனியாமல் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பாணுக்கு ஏன் ஓட்டை இல்லை? பாணுக்குள்ளை ஆவி இல்லையோ?" என்றாள். பாண் எழும்ப வேண்டியது, கிறாக்கர் எழும்பக் கூடாதது, ஆகவே ஒன்றுக்கு ஓட்டை வேண்டாம், மற்றதற்கு வேண்டும் என்று சட்டென்று ஒரு பதிலைச் சொன்னேன். அவள் "ஓம்" என்றாள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் சொல்லும் "ஓம்" அது. விளங்கியதற்கான ஓம் அல்ல, குறித்துக்கொண்டதற்கான ஓம். அவள் கேட்டது பாணுக்குள் இருக்கும் ஆவி எந்த வழியால் வெளியே போகிறது என்பது. நான் சொன்னதோ பாணிடமிருந்து நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பது. ஒரு காரணத்தைக் கேட்டவளுக்கு ஒரு நோக்கத்தைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். மாணவர் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் பாதிப் புள்ளிதான் போட்டிருப்பேன்.

ஆவிக்குக் கதவு வேண்டுமா

என் பழைய விடைக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீர் 100 பாகை செல்சியஸில் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும். ஒரு கிராம் நீர், அதாவது ஒரு சின்னத் தேக்கரண்டியின் அடியில் கிடக்கக்கூடிய அளவு, ஒன்றரை லீற்றருக்கும் அதிகமான ஆவியாக மாறும். பிசைந்து தேய்த்த மாவில் அப்படி எத்தனையோ கிராம் நீர் இருக்கும்போது, அது சூட்டில் சும்மா கிடக்காது. பூரி எண்ணெய்க்குள் விழுந்த சில விநாடிகளில் பந்தாவது இதனால்தான்: மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சூடுபட்டுத் தோலாக இறுகிவிட, நடுவில் பிறந்த ஆவி இரண்டு தோலையும் பிரித்துத் தள்ளுகிறது. பூரியை எண்ணெயில் போடுமுன் ஒரு முள்ளால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டால் அது எழும்பாமல் தட்டையாகவே கிடக்கும். எங்கள் அம்மம்மா தட்டை வடை தட்டும்போது கையோடு ஓர் ஈர்க்கை வைத்திருப்பார். வாழையிலைத் துண்டில் மெல்லியதாகத் தட்டிய வடையை எண்ணெயில் வழுக்கிவிடுமுன் அந்த ஈர்க்கால் அங்குமிங்கும் குத்துவார். குத்தாமல் விட்டால் வயிறூதிக்கொண்டு எழும்பும், நாலு நாளில் இளகிப்போகும் என்பது அவருடைய கணக்கு. ஆகவே "ஆவி வெளியே போக ஓட்டை" என்ற என் விடைக்கு விஞ்ஞானப் புத்தகத்தின் துணை மட்டுமல்ல, அம்மம்மாவின் துணையும் இருந்தது.

ஆனால் பாண் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. பாண் மாவை அச்சில் இடும்போது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்களவு, வெந்து வெளியே வரும்போது குறைந்துவிடும். குறைந்ததில் பெரும்பகுதி நீர். அந்த நீரெல்லாம் ஆவியாகி, பாணின் மெத்தென்ற உட்பகுதியின் துவாரங்களூடாகவும் மொறுமொறுப்பான தோலினூடாகவும் கசிந்து போயிருக்கிறது. யாரும் அதற்குக் கதவு திறந்துவிடவில்லை. அரையடி உயரமான பாணிலிருந்தே ஆவி தன் வழியைக் கண்டுபிடித்துப் போகுமென்றால், மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்பமுள்ள ஒரு பிஸ்கற்றிலிருந்து வெளியேற அதற்கு ஏன் இத்தனை வாசல்கள் வைத்துக் கொடுக்க வேண்டும்?

இந்த இடத்தில் எனக்கு நித்திரை கெட்டது என்று சொன்னால் மிகைப்படுத்தலாகாது. மறுநாள் சந்திக் கடைக்குப் போய், வீட்டில் எல்லோரும் சிரிக்கும்படி, கண்ணிற்பட்ட பிஸ்கற் வகைகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பைக்கற் வாங்கி வந்தேன். கிறீம் கிறாக்கரில் ஓட்டை. மாரி பிஸ்கற்றில் ஓட்டை. லெமன் பஃப்பின் மேல் ஓட்டிலும் கீழ் ஓட்டிலும் ஓட்டை. இஞ்சி பிஸ்கற்றில் மட்டும் ஓட்டை ஒன்றுகூட இல்லை. அதன் முகமெல்லாம் கோடையில் வரண்ட குளத்துச் சேறுபோல வெடித்திருந்தது. ஆவி போவதற்கு ஓட்டை கட்டாயம் வேண்டுமென்றால் இஞ்சி பிஸ்கற் என்ன செய்தது? அதில் சீனியும் கொழுப்பும் அதிகம் என்பதால் கோதுமை மாவின் குளுட்டன் புரதம் இழுபடும் வலையாகச் சேருவதில்லை. தோல் பிடிக்காத மா தானே வெடித்து ஆவிக்கு வழி விடுகிறது. கிறாக்கர் மாவோ அதற்கு நேர்மாறானது. அதில் சீனி அனேகமாக இல்லை. குளுட்டன் வலை நன்றாகப் பின்னியிருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், ஊதினால் பலூனாகும். ஆகவே பிரச்சினை ஆவி வெளியேறுவதில் இல்லை, வெளியேறுவதற்கு முன் அந்த ஆவி மாவை என்ன செய்துவிடுகிறது என்பதில்தான் இருக்கிறது என்று மெல்லத் தோன்றத் தொடங்கியது. இவ்வளவுதான் அப்போது தெரிந்தது.

போறணையடியில்

திருநெல்வேலிப் பக்கம் விறகுப் போறணை வைத்திருக்கும் ஒருவரை எனக்குப் பழக்கம். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். பாணும் பணிசும்தான் அவருடைய தொழில், எனினும் ஒரு காலத்தில் கடைகளுக்குத் தகரப் பேணிகளில் கட்டியான உப்புப் பிஸ்கற்றும் செய்து கொடுத்தவர். விடியற்காலைப் பாண் இறக்கி முடிந்து, போறணை வாயில் சூடு தணிந்துகொண்டிருந்த நேரத்தில் போய் என் சந்தேகத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு உள்ளே போய், பரணில் கிடந்த ஓர் உருளைக் கட்டையைத் தூசு தட்டி எடுத்து வந்தார். சப்பாத்திக் கட்டையைவிடத் தடித்த அந்தக் கட்டையில் வரிசை வரிசையாக ஆணிகள் அடிக்கப்பட்டிருந்தன. விரலால் தடவிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன், ஆணிகளின் நுனியெல்லாம் அராவி மொட்டையாக்கப்பட்டிருந்தது. ஓட்டை போடும் கருவிக்கு நுனி கூராக இருக்க வேண்டாமோ என்று கேட்டேன்.

"இதாலை ஓட்டை போடுறேல்லை ரீச்சர், குத்துறது" என்றார். "ஆவி தன்ரை பாட்டிலை போகும். இது மாவைப் பிடிச்சு வைக்கிறதுக்கு. கூர் ஆணியெண்டால் மாவுக்குள்ளாலை போட்டு வரும், பின்னாலையே மா மூடிப்போடும். மொட்டை ஆணி மேல்தோலைக் கொண்டுபோய் அடித்தோலோடை ஒட்டிவிடும்."

"அப்ப ஓட்டையாலை ஆவி போறேல்லையோ அண்ணை?" என்றேன்.

"போகும்தானே. ஓட்டை இருந்தால் போகும். அதுக்கெண்டு குத்துறேல்லை எண்டுதான் சொல்லுறன்."

இந்த வித்தியாசத்தை நான் பட்டப்படிப்பிலும் படிக்கவில்லை, பதினான்கு வருடப் படிப்பித்தலிலும் அறியவில்லை. அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கிறீம் கிறாக்கரைப் பக்கவாட்டில் உடைத்துப் பாருங்கள். அதை ஒரே துண்டு மாவாகச் செய்வதில்லை. மதுவம் கலந்து பிசைந்த மாவைப் பல மணித்தியாலம் புளிக்க வைத்து, தகடாகத் தேய்த்து, அதன்மேல் கொழுப்பும் உப்பும் கலந்த மாத்தூளைத் தூவி, மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி மடித்து, கடைசியில் மெல்லிய தகடாக்கி வெட்டுவார்கள். தூவிய கொழுப்புள்ள இடங்களில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. வெப்பத்தில் ஆவி பிறந்ததும் அந்த மடிப்புகளுக்கிடையில் புகுந்து ஒவ்வோர் ஏடாகப் பிரிக்கிறது. கிறாக்கரின் மொறுமொறுப்பு அந்த ஏடுகளால் வருவது. அதாவது இந்தப் பண்டத்தில் ஆவி வேண்டாத விருந்தாளி அல்ல. மதுவம் புளிக்கும்போது உண்டாகும் காபனீரொட்சைட்டும் நீராவியும் சேர்ந்து ஏடு பிரிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு மடிப்பும் மினக்கேடும். ஆனால் ஏடுகள் பிரிந்துகொண்டே போய், மேல் ஏடும் அடி ஏடும் முற்றாக விலகிவிட்டால் வருவது கிறாக்கர் அல்ல, உள்ளே வெறுங்காற்றுள்ள ஒரு தலையணை. அதன் மேல் ஓடு சூட்டுக்குக் கிட்டப்போய்க் கருகும். அடி ஓடு வேகாமல் கிடக்கும். பைக்கற்றில் அடுக்கவும் முடியாது.

இனி, உடைத்த துண்டில் ஓட்டை விழுந்த இடத்தைப் பாருங்கள். அங்கே ஏடுகள் இல்லை. எல்லா ஏடுகளும் அந்த இடத்தில் ஒன்றாக நசுங்கி, மேலிருந்து கீழ்வரை ஒரே தூணாக இறுகியிருக்கும். இரண்டு தூண்களுக்கு நடுவில் ஏடுகள் வில்லுப்போல வளைந்து மேலெழும்பியிருக்கும். கிறாக்கரின் முகத்தில் பொன்னிறமாகவும் மண்ணிறமாகவும் தெரியும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் அந்த வில்லுகளின் முதுகு.

மூன்று தட்டுகள்

போறணைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாலும், விஞ்ஞான ரீச்சர் ஒருத்தி ஆணிக் கட்டையின் சாட்சியத்தோடு நின்றுவிட முடியாது. வீட்டிலுள்ள சின்ன மின் அடுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசோதித்துப் பார்த்தேன். முதல் நாள் இரவே மதுவம் போட்டுப் பிசைந்து வைத்த கோதுமை மாவை, மாஜரீனும் உப்பும் கலந்த மாத்தூள் தூவி நாலு தரம் மடித்துத் தேய்த்தேன். முதல் தட்டில் வைத்த துண்டுகளை ஒன்றுமே செய்யவில்லை. இரண்டாம் தட்டில் வைத்தவற்றைத் தையல் ஊசியால், மறுபக்கம் தெரியும்வரை, நெருக்கமாகக் குத்தினேன். மூன்றாம் தட்டுக்குத்தான் முக்கியமான வேலை இருந்தது: சோக்குக் கட்டியின் தடிப்பமுள்ள ஒரு மரக் குச்சியின் மொட்டை முனையால், ஓட்டை விழாமல், மேலிருந்து கீழ்வரை அழுந்துமாறு மட்டும் அமத்தினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓர் ஊசித் துவாரம்கூடத் தெரியாது, ஆனால் பள்ளம் பள்ளமாக இருக்கும். ஆவி வெளியேறுவதற்காகவே ஓட்டை என்ற என் பழைய விடை சரியென்றால், இரண்டாம் தட்டு தட்டையாகவும் மூன்றாம் தட்டு பூரியாகவும் வர வேண்டும்.

முதல் தட்டு எதிர்பார்த்தபடியே தலையணையானது. அடுப்பின் கண்ணாடிக்கூடாகப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு துண்டு பக்கத்துத் துண்டின்மேல் சாய்ந்துவிட்டது. இரண்டாம் தட்டில் பாதிக்குப் பாதி. ஊசி போட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவை, போறணைக்காரர் சொன்னதுபோல, மா தானே இழுபட்டு மூடிக்கொண்டதில் மறைந்துவிட்டன. அந்த இடங்களில் பெரிய கொப்புளங்கள் எழும்பின, ஓட்டை திறந்தே இருந்த இடங்கள் அடங்கிக் கிடந்தன. மூன்றாம் தட்டை வெளியே எடுத்தபோது நான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. ஓட்டை ஒன்றுமே இல்லாத அந்தத் துண்டுகள்தான் மூன்று தட்டுகளிலும் கிறாக்கருக்குக் கிட்டத்தட்ட ஒத்தவையாக வந்திருந்தன. பள்ளங்கள் பள்ளமாகவே நின்றன, அவற்றின் நடுவில் அளவாகக் கொப்புளம் எழும்பியிருந்தது.

அம்மா அதுவரை கதிரையில் இருந்தபடியே இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் பார்வை மங்கிவிட்டதால் எதையும் தொட்டுத்தான் பார்ப்பார். ஒரு துண்டை எடுத்து, பெருவிரலால் மேலும் கீழுமாகத் தடவிவிட்டு, "இது மெத்தைக்குப் போடுற கட்டு மாதிரியெல்லே இருக்கு" என்றார். இலவம்பஞ்சு மெத்தையைத் தைத்து முடித்த பிறகு நீளமான ஊசியால் மேலிருந்து கீழாக நூலைக் கோத்து இழுத்து இடையிடையே முடிச்சுப் போடுவார்களே, அதைத்தான் சொன்னார். கட்டுப் போடாத மெத்தையில் பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரளும், நடுப்பக்கம் வெறுந்துணியாகும். கட்டு விழுந்த இடம் பள்ளமாகும், மற்ற இடமெல்லாம் மெத்தென்று எழும்பி நிற்கும்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு என் கையிலிருந்த எல்லாத் துண்டுகளும் ஒழுங்குக்கு வந்தன. மெத்தையில் கட்டுப் போடுபவர் பஞ்சு எழும்பக்கூடாது என்று போடுவதில்லை. எங்கும் ஒரே அளவாக எழும்ப வேண்டும் என்று போடுகிறார். கிறாக்கரும் எழும்பக்கூடாத பண்டம் அல்ல. அது எழும்பத்தான் வேண்டும், ஆனால் ஒரே பெரிய மூச்சாக அல்ல, நூறு சின்ன மூச்சாக. தங்கை மகளிடம் "கிறாக்கர் எழும்பக்கூடாது" என்று நான் சொன்ன இரண்டாவது விடையும் ஆகவே பிழையாகிவிட்டது. ஒரே பின்னேரத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிழையான விடை.

ஒரு சின்ன அடுப்பும் மூன்று தட்டும் ஒரு முடிவை நிறுவப் போதாது என்பது எனக்குத் தெரியும். ஓட்டைக்கு ஆவியோடு சம்பந்தமே இல்லை என்று இப்போது மறுபக்கம் சாய்ந்துவிடவும் மாட்டேன். தூண் நிற்கும் இடத்தில் ஒரு துவாரமும் இருந்தால் அதனூடாக ஆவி போகத்தான் போகும், அந்த இடத்தில் பிஸ்கற் இன்னும் விரைவாகக் காயும். அம்மம்மாவின் ஈர்க்கு முதன்மையாக வாசல் திறந்தது. போறணைக்காரரின் மொட்டை ஆணி முதன்மையாகக் கட்டுப் போட்டது. தொழிற்சாலையின் உருளையில் ஒழுங்காகப் பொருத்தப்பட்ட முனைகள் இரண்டையும் ஒரே அமத்தலில் செய்கின்றன. நான் இத்தனை வருடமும் சொன்னது பாதி விடை, அதுவும் சின்னப் பாதி.

இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு ஓட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் அலங்காரமாகத் தெரியவில்லை. கட்டுகள் நெருங்கி விழுந்தால் ஏடு பிரிய இடமிராது. பிஸ்கற் பலகைபோலக் கடினமாகும். தூரத் தூர விழுந்தால் பெரிய கொப்புளம் எழும்பி, தொட்டவுடன் உடையும் ஓடாகும். அமெரிக்காவில் சூப்போடு தின்னும் சதுரமான உப்புக் கிறாக்கரில் வழக்கமாக 13 ஓட்டைகள் இருக்கும். 1934 இல் அங்கே விற்பனைக்கு வந்த வட்டமான றிற்ஸ் கிறாக்கரில் 7. வட்டத்தில் நடுவில் ஒன்றும் சுற்றிவர ஆறும் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் மற்றதற்கும் இடைவெளி ஒன்றாகவே வரும் என்பது கவராயம் பிடித்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கேத்திரகணிதம். அதில் அழகு இருப்பது தற்செயல் என்றே எனக்குப் படுகிறது.

கப்பலிலிருந்து வந்தது

ஓட்டைக்குக் கிறாக்கரைவிட வயது அதிகம். பாய்க்கப்பல் காலத்தில் மாதக்கணக்காகக் கடலில் நின்ற மாலுமிகளுக்கு மாவும் நீரும் மட்டும் சேர்த்து வாட்டிய கடினமான பிஸ்கற்தான் சாப்பாடு. பிரித்தானியக் கடற்படையில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் பங்கு. அந்தப் பிஸ்கற்றிலும் வரிசையாகக் குத்தியிருப்பார்கள். அங்கே ஏடும் இல்லை, மொறுமொறுப்பைப் பற்றிய கவலையும் இல்லை. ஈரம் துளியும் தங்காமல் நடுவரை காய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். 1801 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஜொசையா பென்ற் என்பவர் செய்து விற்ற மெல்லிய பிஸ்கற், கடிக்கும்போது எழுந்த சத்தத்தால் "கிறாக்கர்" என்று பெயர் பெற்றதாகச் சொல்வார்கள். (வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் போய்ச் சேர்ந்த குளொஸ்ரர் துறைமுகமும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது, கிறாக்கரோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்றாலும் எங்கள் ஆட்களால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.) கிறீம் கிறாக்கர் அதற்குப் பிறகு வந்தது: 1885 இல், அயர்லாந்தின் டப்ளினில், ஜேக்கப் நிறுவனத்தார் செய்தது. அதில் கிறீம் இல்லை. எங்கள் வீட்டில் சின்ன வயதில் ஒவ்வொருவராக இந்த ஏமாற்றத்தை அனுபவித்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் அது நோயாளியின் பிஸ்கற். காய்ச்சல் விட்டவருக்கு முதலில் கொடுப்பது அதுதான், ஆஸ்பத்திரியில் ஆரையும் பார்க்கப் போனால் கையில் கொண்டுபோவதும் அதுதான். ஆனால் எனக்கு அதன் கப்பல் குணம் நினைவிருக்கிறது. 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இரவில், அம்மா சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த தகரப் பேணிக்குள் கிறாக்கர் இருந்தது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எடுத்த நேரமெல்லாம் அந்தப் பேணியின் மூடி திறக்கப்படவில்லை. கொடிகாமத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் திறந்தார். சோறு புளித்திருக்கும், பாண் பூத்திருக்கும். கிறாக்கர் கடித்தபோது சத்தம் கேட்டது. நன்றாகக் காய்ந்த கிறாக்கரில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஈரமே மிஞ்சும் என்றும், ஒரே தடிப்பமாக நின்று ஒரே அளவில் காய்ந்தால்தான் அந்த அளவு வரும் என்றும், ஒரே தடிப்பமாக நிற்க அந்தக் குத்துகள் வேண்டும் என்றும் இப்போது எழுதுகிறேன். அன்று அதில் ஓட்டை இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

திருத்திய விடை

தங்கை மகள் தைப்பொங்கலுக்கு மறுபடி வந்தபோது, அவளுக்குக் கொடுத்த பிழையான விடைகளைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் தட்டுத் துண்டு ஒன்றைப் பேணியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அதைக் கையில் கொடுத்து, ஓட்டை இல்லாமலே இது எப்படித் தட்டையாக வந்தது என்று சொல் பார்ப்போம் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாணின் ஆவி தோலுக்கூடாகத் தானே கசிந்து போகிறது என்பதையும், கிறாக்கரின் ஆவி போகுமுன் ஏடுகளைப் பிரித்துவிடாதபடி ஆங்காங்கே கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பதையும், மெத்தையில் கட்டுப் போடுவதுபோல என்று விளக்கினேன். மெத்தையில் ஏன் கட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து றப்பர் மெத்தையில் படுத்தவள். உதாரணத்தை விளக்க இன்னோர் உதாரணம் தேட வேண்டிய நிலைமை.

அலுமாரிக்கு மேல் சுருட்டிக் கட்டிக் கிடந்த அம்மாவின் பழைய மெத்தையை இறக்கி விறாந்தையில் விரித்தேன். தூசு எழும்பி இருவரும் தும்மினோம். அவள் முழங்காலில் இருந்து, ஒரு கட்டுப் பள்ளத்துக்குள் விரலை விட்டு அடிவரை அமத்திப் பார்த்தாள். பிறகு மறு கையை மெத்தைக்குக் கீழே விட்டு, அடிப்பக்கத்து முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு விரலுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"இதுக்குள்ளாலை ஆவி போகாதுதானே பெரியம்மா?"

"போகாது."

"அப்ப சரி" என்றாள். பேணியிலிருந்த இன்னொரு கிறாக்கரை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். இந்தமுறை பிஸ்கற்றைச் சற்றுச் சரித்து, ஓட்டையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.